எட்டு வயது மகளும் ஐம்பது வயதில் வரும் நோயும்: சிறுமிப் பருவத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

தாழம்பூ · திங்கள், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இந்த மாதம் நடந்ததை யாரிடமாவது கொட்டாமல் இருக்க முடியவில்லை.

என் மகளுக்கு எட்டரை வயது. மூன்று வாரத்துக்கு முன்னால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது "அம்மா, இங்க தொட்டா வலிக்குது" என்று இடது பக்க மார்பைக் காட்டினாள். தொட்டுப் பார்த்தேன். காம்புக்கு நேர் கீழே சட்டைப் பொத்தான் அளவுக்குக் கெட்டியாக ஒன்று, விரலுக்கு அடியில் லேசாக நகர்ந்தது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. என் அம்மாவுக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அப்போது நான் பிளஸ் டூ. அம்மா யாரிடமும் சொல்லாமல் முதலில் என் கையைப் பிடித்து அந்தக் கட்டியைத் தொட வைத்தாள், அந்தத் தொடு உணர்வு இருபது வருடமாக என் விரலில் இருக்கிறது. அன்றைக்குக் குளியலறையில் என் நிலை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் போன இடத்தில், பெயர் வேண்டாம், "குடும்பத்துல வேற இருக்கு, எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்" என்று தேதியே கொடுத்துவிட்டார்கள். என் நாத்தனார்தான் பிடிவாதமாகக் குழந்தை நல மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். அவர் இரண்டு நிமிடம் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கட்டி இல்லம்மா, மார்பு அரும்புது. ஒரு பக்கம் முன்னாடி வர்றது சகஜம். தயவுசெஞ்சு கத்தி வைக்க விடாதீங்க" என்றார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன்.

சரி, அது முடிந்தது. இப்போது வேறு கேள்வி குடைகிறது. பாட்டிக்கு இருந்திருக்கிறது, பேத்திக்கு எட்டரை வயதிலேயே மார்பு அரும்புகிறது. இந்த வயதில் அவள் சாப்பிடுவது, வளர்வது, அவள் உடம்பில் சேர்வது எல்லாம் நாற்பது ஐம்பது வயதில் வரும் நோயைத் தீர்மானிக்குமா? சிறுமிகளை வைத்தே இதை ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நோய் வர நாற்பது வருடம் ஆகும் என்றால் அதை எப்படி ஆராய்வார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நர்ஸ் அக்கா · திங்கள், இரவு 11:15

கண்ணு, முதலில் உன் நாத்தனாருக்கு என் சார்பில் ஒரு நன்றி சொல்லு.

இதைப் படிக்கிற மற்ற அம்மாக்களுக்காகவும் எழுதுகிறேன். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் மார்பு அரும்பலாம். காம்புக்கு நேர் அடியில் கெட்டியாக, தொட்டால் வலிக்கிற மாதிரி, பல சமயம் ஒரு பக்கம் மட்டும் வரும். இன்னொரு பக்கம் வருவதற்குச் சில மாதங்கள்கூட ஆகும். அந்தப் பொத்தான் அளவுத் திசுதான் பின்னால் முழு மார்பாக வளரப்போகிறது. அதை வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பே வளராது, அல்லது கோணலாக வளரும். அப்படி ஒரு பெண்ணைப் பதினேழு வயதில் வார்டில் பார்த்தேன். சின்ன வயதில் 'கட்டி' என்று எடுத்துவிட்டார்களாம். துப்பட்டாவை இரண்டாக மடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சிறுமிகளுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது மிக மிக அபூர்வம். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும், அதில் கதிர்வீச்சும் கிடையாது.

எட்டு வயது நிறைவதற்கு முன்பே அரும்பினால் மட்டும் ஹார்மோன் மருத்துவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். உன் மகள் அதைத் தாண்டிவிட்டாள்.

எண்ணும் எழுத்தும் · செவ்வாய், காலை 6:20

தாழம்பூ, என் வேலையே புள்ளியியல், அதிலும் நோய்ப் பரவல் கணக்கு. உங்கள் கடைசிக் கேள்விதான் இந்தத் துறையில் எல்லாரையும் திணறடிக்கிற கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்று பத்தாயிரம் சிறுமிகளைச் சேர்த்து, என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வளர்கிறார்கள் என்று எழுதிவைத்துக்கொண்டு காத்திருந்தால், விடை வரும்போது ஆய்வைத் தொடங்கியவரே உயிரோடு இருக்க மாட்டார். அப்படியென்றால் ஐம்பது வயதில் நோய் வந்த பெண்ணிடம் போய் "பத்து வயசுல என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்கலாமா? யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதைவிட மோசம், நோய் வந்தவர் காரணத்தைத் தேடித்தேடி ஞாபகப்படுத்துவார், வராதவர் யோசிக்கவே மாட்டார். அந்தக் கோணல் கணக்கையே கெடுத்துவிடும்.

இதற்கு ஒரு வழி, யாரோ எப்போதோ சேமித்து வைத்ததைத் தேடிப் போவது. கலிபோர்னியாவில் ஓக்லாந்து பகுதியில் 1959 முதல் 1967 வரை ஒரு மருத்துவத் திட்டத்தில் பிரசவத்துக்கு வந்த தாய்மார்களிடம் கர்ப்ப காலத்திலும் பிரசவம் முடிந்த கையோடும் ரத்தம் எடுத்து, அதை வீசாமல் உறைய வைத்தார்கள். யாக்கோப் யெருஷால்மி என்ற புள்ளியியல் அறிஞர் தொடங்கிய வேலை அது. மார்பகப் புற்றுநோய்க்காகத் தொடங்கியதே இல்லை, கர்ப்பத்தையும் குழந்தை வளர்ச்சியையும் பார்க்கத்தான். பல பத்தாண்டுகள் கழித்து பார்பரா கோன் என்பவரும் அவருடைய குழுவும் அந்த உறைந்த ரத்தத்தில் டிடிடி என்ற பூச்சிமருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு டிடிடி வந்தது 1945இல். அதனால் ஒவ்வொரு தாயும் பிறந்த வருடத்தை வைத்தே அவர் எத்தனை வயதில் முதன்முதலில் டிடிடியைச் சந்தித்திருப்பார் என்று கணக்குப் போட முடிந்தது. 2007இல் வந்த முடிவு: பதினான்கு வயதுக்கு முன்பே டிடிடியைச் சந்தித்தவர்களில், ரத்தத்தில் அதிக அளவு இருந்தவர்களுக்கு ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்த அளவு இருந்தவர்களைப் போல ஐந்து மடங்கு. பதினான்கைத் தாண்டிய பிறகு சந்தித்தவர்களிடம் அந்தத் தொடர்பே இல்லை.

இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படியுங்கள். அதே மருந்து, அதே ஊர். வயது மட்டும்தான் வேறு.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பிரசவங்களில் பிறந்த 9,300 மகள்களைத் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். தாயின் ரத்தத்தில் ஒரு வகை டிடிடி மிக அதிகமாக இருந்தால், கருவில் இருந்த மகளுக்கு 52 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. தாயின் ஒரு குப்பி ரத்தம் மகளின் ஐம்பதாவது வயதைப் பற்றிப் பேசியது. அந்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டி அடுக்கிய ஆய்வகப் பணியாளருக்கு அது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இந்தத் துறையில் நான் யாரையாவது கும்பிட வேண்டும் என்றால் அவரைத்தான்.

மதுரைப்பொண்ணு · செவ்வாய், காலை 9:05

டிடிடி என்று படித்ததும் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் எறும்புக்கும் மூட்டைப்பூச்சிக்கும் அந்த வெள்ளைப் பவுடர்தான். கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டு, ஆச்சி கையாலேயே முடிச்சு முடிச்சாகத் தூவுவார்கள், நானும் தம்பியும் அன்று ராத்திரி அதே கட்டிலில் படுப்போம். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். இப்போது 46. அப்படியென்றால் எனக்கு ஐந்து மடங்கா?

எண்ணும் எழுத்தும் · செவ்வாய், காலை 9:50

அக்கா, அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து. அந்த ஐந்து மடங்கு என்பது ரத்தத்தில் அதிகம் இருந்தவர்களைக் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டது. அதுவும் நோய் வந்தவர்கள் 129 பேர், வராதவர்கள் 129 பேர், அவ்வளவுதான். ஐம்பது வயதுக்கு முன் வரும் நோய், அதன் அடிப்படை அளவே குறைவு. கட்டிலில் பவுடர் தூவிய ஞாபகத்தை வைத்து உங்கள் ரத்த அளவைச் சொல்ல யாராலும் முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது உங்கள் வயதில் எல்லாரும் செய்ய வேண்டியதுதான், மருத்துவரிடம் மார்பகப் பரிசோதனை பற்றிப் பேசுவது. கட்டில் இருந்ததோ இல்லையோ அது மாறாது.

அமெரிக்காவில் 1972இல் டிடிடியைத் தடை செய்தார்கள். நம் நாட்டில் விவசாயத்துக்கு 1989இல் தடை, கொசு ஒழிப்புக்கு மட்டும் அதன் பிறகும் விட்டுவைத்தார்கள். அதனால் இந்தக் கேள்வி நமக்குப் பழங்கதை இல்லை.

சித்தன்னவாசல் · செவ்வாய், மதியம் 1:30

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இரண்டு பெண் குழந்தைகள். எங்கள் குடியிருப்பில் எல்லாரும் சொல்வது பிராய்லர் கோழிதான் காரணம், அதில் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பிள்ளைகள் எட்டு ஒன்பது வயதிலேயே பெரிய மனுஷி ஆகிவிடுகிறார்கள், முன்னே பெரிதானால் புற்றுநோயும் வரும் என்று. நான் ஒரு வருடமாக வீட்டில் கோழியே வாங்குவதில்லை. பெரியவள் தினமும் கேட்டு அழுகிறாள். இது உண்மையா, வீணா?

நர்ஸ் அக்கா · செவ்வாய், மாலை 4:10

தம்பி, பிள்ளைக்குக் கோழி வாங்கிக் கொடுங்கள்.

பிராய்லர் ஆறு வாரத்தில் வளர்வதற்குக் காரணம் அதன் இனமும் தீவனமும். பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து உருவாக்கிய இனம் அது. ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டால் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியே ஆகாது. கோழிப் பண்ணையில் கேட்க வேண்டிய கேள்வி ஆன்டிபயாடிக் பற்றியது, அது வேறு இழைக்கு. பொரித்த கோழியும் இனிப்புப் பானமுமாகத் தினமும் போனால் எடை ஏறும், எடை ஏறினால் வயதுக்கு வருவது முன்னே வரலாம், அதுவரைக்கும் உண்மை.

எண்ணும் எழுத்தும் · செவ்வாய், இரவு 9:30

அக்கா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் சித்தன்னவாசல் கேட்டதில் பாதி சரி.

சீக்கிரம் வயதுக்கு வருவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு, அது உறுதி. 2012இல் 117 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, நோய் வந்த 1,18,964 பெண்களின் விவரத்தைப் பார்த்தார்கள். முதல் மாதவிடாய் ஒரு வருடம் முன்னே வந்தால் ஆபத்து சுமார் 5 சதவீதம் கூடுகிறது. ஐந்து சதவீதம், ஐந்து மடங்கு இல்லை, இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தனி ஒரு பெண்ணுக்கு இது சின்ன மாற்றம். ஒரு நாட்டுச் சிறுமிகள் எல்லாருக்கும் சேர்ந்து வயது இறங்கினால் அது பெரிய எண்ணிக்கை.

அந்த வயது இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மாதவிடாயைவிட மார்பு அரும்பும் வயது இன்னும் வேகமாக. 1969இல் இங்கிலாந்தில் மார்ஷலும் டேனரும் 192 சிறுமிகளைப் பார்த்து, சராசரியாகப் பதினொரு வயதைத் தாண்டித்தான் அரும்புகிறது என்றார்கள். இன்றும் மருத்துவர்கள் வளர்ச்சிப் படிகளை 'டேனர் இரண்டு', 'டேனர் மூன்று' என்பது அதிலிருந்து வந்ததுதான். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பகுதியில் 1991இல் 10.88 ஆக இருந்தது 2006இல் 9.86 ஆகிவிட்டது. பதினைந்து வருடத்தில் ஒரு வருடம்.

"இப்போது பிள்ளைகள் குண்டாக இருக்கிறார்கள், கொழுப்பைப் பார்த்து மார்பு என்று நினைத்திருப்பார்கள்" என்று ஒருவர் சொல்லலாம். அந்த எதிர்க்கேள்வி வந்ததால்தான் அமெரிக்காவில் 2000களின் நடுவில் கிழக்கு ஹார்லெம், சின்சினாட்டி, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி ஆகிய மூன்று இடங்களில் 1,239 சிறுமிகளைச் சேர்த்தபோது, கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் பயிற்சி பெற்றவர்கள் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். கொழுப்பு மெத்தென்று இருக்கும், சுரப்பித் திசு கெட்டியாக இருக்கும். தாழம்பூ, குளியலறையில் உங்கள் விரல் கண்டதும் அதைத்தான். ஏழு வயதிலேயே வெள்ளைக்காரச் சிறுமிகளில் 10.4 சதவீதம், லத்தீன் அமெரிக்க வம்சாவளிச் சிறுமிகளில் 14.9, கறுப்பினச் சிறுமிகளில் 23.4 சதவீதம் பேருக்கு அரும்பியிருந்தது.

அவ்வளவு சின்ன வயது ஏன் முக்கியம் என்றால், மார்பு பிறக்கும்போது முழுதாக வருகிற உறுப்பு இல்லை. ஒரு மரக்கன்று மாதிரி, பருவத்தில்தான் கிளை விடுகிறது. அந்தக் கிளை நுனிகளில் செல்கள் வேகவேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும், அந்த நேரத்தில் பட்ட காயம் அப்படியே கிளையோடு வளரும். எலிகளில் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். சுமார் ஐம்பது நாள் வயதில், அதாவது எலியின் பருவத்தில், ஒரே ஒரு தடவை ஒரு ரசாயனம் கொடுத்தால் கட்டி வரும். குட்டி போட்டுப் பால் கொடுத்து முடித்த எலிக்கு அதே ரசாயனத்தைக் கொடுத்தால் வருவது குறைவு. மனிதர்களில் இதற்குச் சாட்சி சொன்னவர்கள் ஹிரோஷிமா, நாகசாகிப் பெண்கள். குண்டு விழுந்தபோது இருபது வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் விகிதம் அதிகம் கூடியது. அதிலும் பத்து வயதுக்குக் கீழே இருந்த சிறுமிகளிடம் பல பத்தாண்டுகள் எதுவும் தெரியவே இல்லை. இவர்கள் தப்பித்தார்கள் என்றுகூட முதலில் நினைத்தார்கள். நோய் வழக்கமாக வரும் வயதை அவர்கள் எட்டிய பிறகுதான் கணக்கு ஏறத் தொடங்கியது.

ஆனால் சித்தன்னவாசல், உங்கள் சங்கிலி ஒரு இடத்தில் அறுகிறது. குண்டாக இருந்தால் சீக்கிரம் பெரிதாவார்கள், சீக்கிரம் பெரிதானால் ஆபத்து, எனவே குண்டுப் பிள்ளைக்கு ஆபத்து அதிகம் என்றுதானே தோன்றும்? டென்மார்க்கில் பள்ளி மருத்துவப் பதிவேடுகளில் 1,17,415 சிறுமிகளின் உயரமும் எடையும் வருடாவருடம் எழுதியிருந்ததை எடுத்துப் பார்த்தார்கள், 2004இல் வெளிவந்தது. உயரமாகச் சீக்கிரம் வளர்ந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். பிறக்கும்போது எடை அதிகமாக இருந்தவர்களுக்கும் கூடுதல். பதினான்கு வயதில் ஒல்லியாக இருந்தவர்களுக்கும் கூடுதல்தான். சதைப்பிடிப்பாக இருந்த சிறுமிகளுக்கு ஆபத்து குறைவு. வேறு ஆய்வுகளிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது, ஏன் என்று இன்னும் வாதாடுகிறார்கள். அதற்காகப் பிள்ளையைக் குண்டாக்குங்கள் என்று யாரும் சொல்லவில்லை, மற்ற நோய்கள் இருக்கின்றன, மாதவிடாய் நின்ற பிறகு பருமனாக இருந்தால் இதே புற்றுநோய்க்கே ஆபத்து கூடும். நம் மனம் போடுகிற நேர்க்கோட்டில் உடம்பு நடப்பதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சித்தன்னவாசல் · செவ்வாய், இரவு 10:05

நன்றி. ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்குகிறேன். ஒரு வருடமாகப் பிள்ளையிடம் நான் சொன்ன காரணம் தப்பு என்று அவளிடமே சொல்ல வேண்டும், சொல்லிவிடுகிறேன்.

டொராண்டோ தமிழச்சி · புதன், அதிகாலை 3:15

எனக்கு 39 வயதில் வந்தது. இப்போது ஆறு வருடம் ஆகிறது. என் மகளுக்குப் பன்னிரண்டு.

நான் இருக்கிற ஒன்டாரியோவும் சேர்ந்த ஒரு ஆய்வு உண்டு, லெகசி என்று பெயர். 2011இல் தொடங்கியது, நியூயார்க், பிலடெல்பியா, யூட்டா, வடக்குக் கலிபோர்னியா, ஒன்டாரியோ என்று ஐந்து இடம், ஆறு முதல் பதின்மூன்று வயது வரை 1,040 சிறுமிகள். அவர்களில் பாதிப்பேர் குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருப்பவர்கள், பாதிப்பேர் இல்லாதவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை, வளர்ச்சி, கேள்வித்தாள், சிறுநீர், எச்சில் மாதிரி என்று தொடர்ந்தார்கள். எண்ணும் எழுத்தும் சொன்ன நாற்பது வருடப் பிரச்சினைக்கு இதுவும் ஒரு வழி என்று புரிந்துகொண்டேன். புற்றுநோய் வரும்வரை காத்திருக்காமல், எப்போது அரும்புகிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது, மார்புத் திசு எப்படி இருக்கிறது என்று இடையில் உள்ள படிகளைப் பார்ப்பது.

நான் எழுத வந்தது வேறு. அந்த ஆய்வில் அவர்கள் சிறுமிகளின் மனதையும் கேட்டார்கள். நோய் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் பொதுவாக மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் நன்றாக இருக்கிறார்கள், பள்ளி, நட்பு எதிலும் குறையில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய் என்ற ஒன்றைப் பற்றிய பயம் மட்டும் அவர்களிடம் கூடுதல். அம்மாவின் பதற்றமும் மகளின் பதற்றமும் கைகோத்தே போகின்றன. இதைப் படித்த அன்று நான் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் என் மகள் கேட்டிருந்தாள், "அம்மா, எனக்கு வளராமலே இருந்தால் வராதுதானே?" என்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன் உடம்பு வளர வேண்டாம் என்று நினைக்கிறது. நான் அவளிடம் ஒரு நாளும் பயமுறுத்திப் பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை ஸ்கேனுக்குப் போகும் முதல் நாள் நான் சோறு வைக்க மறப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

தாழம்பூ, உங்கள் பிள்ளை அந்த மூன்று வாரமும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். அவளோடு கதையுங்கள்.

மதுரைப்பொண்ணு · புதன், காலை 8:40

படித்துவிட்டு என்னவோ போல் இருக்கிறது. அதனாலேயே கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இந்த ஆராய்ச்சியெல்லாம் கடைசியில் எங்கே வந்து நிற்கிறது? பிறந்த எடை, உயரம், எப்போது வயதுக்கு வந்தாள், கருவில் என்ன பட்டது. ஒன்றாவது அந்தச் சிறுமி கையில் இருக்கிறதா? எல்லாம் அம்மா தலையில்தான் வந்து விழும். "நீ கர்ப்பமா இருக்கும்போது என்ன சாப்பிட்ட, பிள்ளைக்கு என்ன கொடுத்த." நமக்கு ஏற்கெனவே இருக்கிற பழி போதாதா?

எண்ணும் எழுத்தும் · புதன், காலை 10:20

கோபம் எதுவும் இல்லை அக்கா, இதைக் கேட்காமல் இந்தத் துறையில் வேலை செய்யவே கூடாது.

என் பதில் இதுதான். இந்த ஆய்வுகளின் விடை போய்ச் சேர வேண்டிய இடம் அம்மாவின் அடுப்படி இல்லை. முதுகுத்தண்டு வளைந்த சிறுமிகளுக்கு அந்தக் காலத்தில் வருடக்கணக்காக, ஒருவருக்குச் சராசரியாக இருபத்தைந்து தடவை எக்ஸ்ரே எடுத்தார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட 5,573 பெண்களைத் தேடிப் பார்த்ததில், மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட எழுபது சதவீதம் கூடுதல். இன்று அந்த எக்ஸ்ரேயை முதுகுப் பக்கமிருந்து எடுக்கிறார்கள், கதிர் மார்பை எட்டும்போது பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. பிள்ளையைத் திருப்பி நிற்க வைத்தார்கள், அவ்வளவுதான். எந்த அம்மாவையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. சின்ன வயதில் ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு இப்போது 25 வயதிலிருந்தே எம்ஆர்ஐ பார்க்கச் சொல்கிறார்கள், அதுவும் இப்படித்தான் வந்தது. டிஇஎஸ் என்ற மாத்திரையைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி 1940களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1971இல் மகள்களிடம் ஓர் அபூர்வப் புற்றுநோய் வந்ததைப் பார்த்து நிறுத்தினார்கள். அந்த மகள்களுக்கு நாற்பதுக்கு மேல் மார்பகப் புற்றுநோயும் கூடுவது பின்னால் தெரிந்தது. மாத்திரையை விழுங்கிய தாய்கள் மருத்துவர் சொன்னதைத்தான் செய்தார்கள். பழி அவர்களுடையது இல்லை.

"எதுவும் கையில் இல்லை" என்றீர்கள். மேரி கிளேர் கிங், பிறழ்ந்தால் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ-1 மரபணு எங்கே இருக்கிறது என்று 1990இல் கண்டவர், 2003இல் ஒன்று சொன்னார். பிஆர்சிஏ பிறழ்வு உள்ள நியூயார்க் யூதக் குடும்பங்களில், 1940க்கு முன் பிறந்த பெண்களுக்கு ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 24 சதவீதம். 1940க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு 67. அதே குடும்பம், அதே மரபணு. இரண்டு தலைமுறைக்கு நடுவே மாறியது வாழ்க்கைதான். பதின்ம வயதில் ஓடியாடி விளையாடியவர்களுக்கும் பருமன் இல்லாதவர்களுக்கும் நோய் தள்ளிப் போயிருந்தது. மரபணுவை மாற்ற முடியாது, மற்றதை மாற்றலாம் என்று எனக்குத் தைரியம் கொடுத்த எண்கள் இவை. பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் "இனி என்ன விளையாட்டு" என்று உள்ளே உட்கார வைக்கிறோமே, அதை நிறுத்தினாலே போதும் என்று எனக்குத் தோன்றும். பெண் பிள்ளைகளுக்கு விளையாட மைதானம் இல்லாத பள்ளியைக் கேள்வி கேளுங்கள், அம்மாவை விட்டுவிடுங்கள்.

நமக்கு ஒரு ஆசையும் உண்டு. வேலூரில் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளை சிஎம்சி மருத்துவமனை பதிவு செய்து, சிறு வயதிலும் பதின்ம வயதிலும் உயரமும் எடையும் அளந்து வைத்திருக்கிறது. அந்தப் பதிவு பேர் வாங்கியது சர்க்கரை நோய், இதய நோய் ஆய்வுகளில். அந்தச் சிறுமிகளுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களிலிருந்து சென்னைக்குப் பதிவேடு வைத்திருக்கிறது. இந்தியாவில் 2022இல் மட்டும் மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் 1,92,020 பேர் என்பது உலக மதிப்பீடு. மேற்கு நாடுகளைவிட நம் பெண்களுக்குச் சுமார் பத்து வருடம் முன்பே வருகிறது. ஓக்லாந்து ரத்தமும் டென்மார்க் பள்ளிப் பதிவேடும் சொன்னதை வைத்து நம் பெண்களுக்கு எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பது?

நர்ஸ் அக்கா · புதன், மாலை 5:00

தாழம்பூ, ஒன்று கேட்க மறந்தேன். உன் அம்மாவுக்கு மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா? 43 வயதில் வந்திருக்கிறது, செய்து பார்ப்பது நல்லது. குழந்தைக்கு இப்போது எதுவும் வேண்டாம், பெரியவளாகி அவளே முடிவு செய்யட்டும். முதலில் நோய் வந்தவருக்குப் பார்க்க வேண்டும், அவருக்கு இருந்தால் உனக்கு. அவருக்குப் பிறழ்வு தெரிந்து, அது உனக்கு இல்லை என்று வந்தால், உன் வழியாக அந்தப் பிறழ்வு பேத்திக்குப் போகாது. பேசிப்பார்.

தாழம்பூ · வெள்ளி, இரவு 11:20

எல்லாருக்கும் பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. டொராண்டோ அக்கா எழுதியதைப் படித்துவிட்டுப் போனை வைத்துவிட்டு மகள் பக்கத்தில் போய்ப் படுத்தேன்.

மறுநாள் அவளிடம் கேட்டேன், அந்த ஆஸ்பத்திரிக்குப் போனபோது பயந்தியா என்று. "நீதான் பயந்த, நான் ஊசிக்கு மட்டும்தான் பயந்தேன்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டிக்கு இருந்த மாதிரியா எனக்கு?" என்று கேட்டாள். நாங்கள் யாரும் அவளிடம் பாட்டி கதையைச் சொன்னதே இல்லை. அதனால் சொன்னேன். பாட்டிக்கு வந்தது வேறு, உனக்கு வந்திருப்பது எல்லாப் பெண் பிள்ளைக்கும் வருவது, இன்னும் கொஞ்ச நாளில் அந்தப் பக்கமும் வரும், வலித்தால் என்னிடம் சொல் என்று. "சரி" என்று சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேற்று மாலை அவளே ஓடிவந்து, "அம்மா, இந்தப் பக்கமும் வந்திருச்சு" என்று ஏதோ பரிசு வாங்கின மாதிரிச் சொன்னாள்.

அம்மாவிடம் பேசினேன். ரத்தம் கொடுக்க வேண்டும் என்றதும் முதலில், "எனக்கு முடிஞ்சு போச்சு, இனிமே பார்த்து என்ன ஆகப்போகுது" என்றாள். ஓக்லாந்தில் உறைய வைத்த ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன், அந்தத் தாய்மார்கள் கொடுத்தது அவர்கள் மகள்களுக்கு ஐம்பது வயதில் பதில் சொன்னதை. அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை போகிறோம். முடிவு வர மூன்று நான்கு வாரம் ஆகுமாம். வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.